பாத்தே போனோகிராப்: முதல் சிலிண்டரை ஏற்றுவதற்கு முன்

பாரிஸில் சார்ல் பாத்தே, எமில் பாத்தே சகோதரர்கள் உருவாக்கிய ‘லெ கோக்’, ‘லெ கோலுவா’ போன்ற, மெழுகு உருளையில் (சிலிண்டர்) பதிந்த ஒலியை இசைக்கும் இயந்திரங்கள் நூறாண்டு கடந்தும் நன்றாகப் பாடக்கூடியவை. வேகம் தடுமாறினால் பலரும் மோட்டாரை ஓட்டும் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி அது அல்ல. வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரும் காய்ந்துபோன எண்ணெயும்தான்.

முதலில் மோட்டாரைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஸ்பிரிங்கில் முறுக்கு இருக்கும்போது கவர்னரைக் கழற்றவே கூடாது. தடுக்க எதுவும் இல்லாமல் மொத்த விசையும் ஒரே நொடியில் பாய்ந்து பல்சக்கரங்களின் பற்களைச் சிதைத்துவிடும்; விரல் சிக்கினால் அதையும்.

காய்ந்து பிசினான பழைய எண்ணெயை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, ஒவ்வொரு அச்சுமுனைக்கும் கடிகார எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். அதிகம் விட்டால் தூசிதான் சேரும்.

இனி கவர்னர். அச்சு சுழலும்போது எடைகள் வெளியே விரிந்து, உராய்வுத் தட்டைத் தம் பக்கம் இழுக்கும். தட்டு, நிலையாகப் பொருத்தியுள்ள தோல் அல்லது கம்பளிப் பட்டையில் உரசி வேகம் கட்டுப்படும். பட்டை இறுகிக் காய்ந்திருந்தால் கீச்சொலியும் துடிப்பும் வரும். அதை மாற்றி, அரைச் சொட்டு எண்ணெய் தடவுங்கள். எடைகளைத் தாங்கும் தகட்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே கனத்தில் மாற்ற வேண்டும். கனம் வேறுபட்டால் எடைகள் சமமாக விரியாது, அச்சு அதிரும்.

வேகத்தை அளக்க மேண்ட்ரலில் (சிலிண்டரை மாட்டும் சுழல் உருளை) ஒரு காகிதத் துண்டை ஒட்டுங்கள். நிமிடத்திற்கு 160 சுற்று வேண்டுமென்றால் 15 விநாடியில் 40 வர வேண்டும். முறுக்கு நிறைந்திருக்கும்போதும் ஓரளவு குறைந்த பிறகும் எண்ணிப் பாருங்கள். பழைய பழுப்பு மெழுகுப் பதிவுகள் இதைவிட மெதுவானவை. குரல் இயல்பாக ஒலிக்கும்வரை வேகத் திருகைச் சரிசெய்வதே வழி. நீண்ட சுரத்தில் சுற்றுக்கு ஒருமுறை அலை வந்தால் கவர்னரைத் தொடாதீர்கள். சிலிண்டர் கோணலாக அமர்ந்திருக்கும், அல்லது அதுவே வட்டம் கெட்டிருக்கும்.

முனையின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸில், கண்ணாடி டயாபிரத்தைச் (அதிரும் மெல்லிய தகடு) சுற்றியுள்ள ரப்பர் வளையம் கல்லாகியிருந்தால் உரத்த இடங்களில் குரல் வெடிக்கும். மென்மையான புது வளையம் போடுங்கள். தடத்தில் ஓடும் சஃபயர் (நீலக்கல்) முனையைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பாத்தே முனை உருண்டையானது, தடத்தின் மேடு பள்ளங்களில் ஏறி இறங்கியே ஒலி எழுப்புகிறது. அதில் சிறு உடைசல் இருந்தாலும் மெழுகை உழுதுவிடும், அந்தப் பதிவு திரும்ப வராது.

சிலிண்டரின் வெளிப்பரப்பைத் தொடாதீர்கள். இரண்டு விரல்களை உள்ளே விட்டு விரித்துத் தூக்குங்கள். மேண்ட்ரல் கூம்பு வடிவம் என்பதால் லேசாகத் தள்ளினாலே பிடித்துக்கொள்ளும். அழுத்தினால் மெழுகு பிளக்கும். பாடி முடித்ததும் உடனே கழற்றுங்கள். அறை குளிர்ந்தால் மெழுகு உலோகத்தைவிட அதிகமாகச் சுருங்கி, மேண்ட்ரலின் மேலேயே வெடித்துவிடும்.