கார் பெயின்ட் கோட்டிங்: "5 வருட வாரண்டி"யைப் பணம் கட்டும் முன் படிப்பது எப்படி?

கோட்டிங் விற்பவர்கள் முதலில் சொல்வது வருடக் கணக்கு. 3 வருடம், 5 வருடம், 10 வருடம், சில இடங்களில் ஆயுள் முழுக்க. பாட்டிலில் இருக்கும் திரவம் அத்தனை வருடம் காரின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று நம்பித்தான் பெரும்பாலானோர் பணம் கட்டுகிறார்கள். ஆனால் அந்த எண் ஓர் ஒப்பந்தத்தின் காலம். அந்தக் காலத்துக்குள் எது கெட்டுப்போனால், யார், என்ன செய்து தருவார்கள் என்பதை அந்த ஒப்பந்தம் சொல்கிறது. கோட்டிங் எவ்வளவு நாள் தாங்கும் என்பது தனிக் கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் ஏமாற்றம் பாதியாகக் குறையும். கார் பராமரிப்புக்குப் புதியவர்களும் பின்பற்றும்படி வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: உங்களுக்கு விற்கப்படுவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"பாதுகாப்புக் கோட்டிங்" என்ற ஒரே பெயரில் மிகவும் வேறுபட்ட பொருட்கள் விற்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தடிமன்தான் எளிய வழி. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். வெயிலையும் மழையையும் நேரடியாக வாங்குவது அந்த அடுக்குதான்.

கார்னாபா போன்ற மெழுகு அதன் மேல் சில வாரம், மிஞ்சினால் சில மாதம் நிற்கும். பாலிமர் சீலன்ட் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா சார்ந்த வேதிப்பொருள். கிளியர் கோட்டோடு பிணைந்து இறுகும். ஆனால் பொதுவாக 1 அல்லது 2 மைக்ரான் தடிமன்தான், பல சமயம் அதற்கும் கீழே. பிபிஎஃப் எனப்படும் பாலியூரிதேன் ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான்.

இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் விளம்பரத்தில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். முன்னால் போகும் லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லை 1 மைக்ரான் படலம் தடுக்காது. அதைத் தாங்கக்கூடியது ஃபிலிம் மட்டுமே. செராமிக் கோட்டிங்கின் உண்மையான பலன் வேறு: அழுக்கு எளிதாகக் கழுவப்படும், ரசாயனத் தாக்குதலுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், பளபளப்பு கூடும். அதுவும் நல்ல பலன்தான். ஆனால் கல் கீறலுக்குக் கவசம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

டெஃப்லான் கோட்டிங் பற்றியும் ஒரு வார்த்தை. டெஃப்லான் எனப்படும் பிடிஎஃப்இ உருகுவதே 327 டிகிரி செல்சியஸில். சமையல் பாத்திரத்தில் அது பிடித்துக்கொள்வது அந்த அளவுக்குச் சூடாக்கிப் பூசுவதால்தான். கார் பெயின்ட் அந்தச் சூட்டைத் தாங்காது. கையால் தேய்க்கும் பாலிஷில் அந்தப் பொருள் கலந்திருந்தால், பாத்திரத்தில் பிடிப்பதுபோல அது காரில் பிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

படி 2: "9எச்" என்ற எண்ணைச் சரியாகப் படியுங்கள்

பாட்டில் அட்டையில் வருடத்துக்கு அடுத்தபடி பெரிய எழுத்தில் இருப்பது 9எச் கடினத்தன்மை. வைரத்தின் கடினம் 10, ஆகவே இது வைரத்துக்கு ஒரு படி கீழே என்று விளக்குபவர்களும் உண்டு. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். வைரத்துக்கு 10 தருவது ஃபிரெட்ரிக் மோஸ் 1812-ல் கனிமங்களுக்காக வகுத்த வரிசை. அதில் குவார்ட்ஸ் 7, கொரண்டம் 9.

கோட்டிங்கின் 9எச் பென்சில் சோதனையிலிருந்து வருவது. ஐஎஸ்ஓ 15184 என்ற சர்வதேசத் தரத்தின்படி, முனை தட்டையாக்கிய பென்சிலை 45 டிகிரி சாய்வில், சுமார் 750 கிராம் அழுத்தத்தில் பூச்சின் மேல் தள்ளுவார்கள். எந்தப் பென்சில் வரை தடம் விழவில்லையோ அதுதான் அந்தப் பூச்சின் அளவு. 9எச் என்பது கடினமான பென்சில், அவ்வளவுதான். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. காரின் மேல் படியும் தூசியிலோ குவார்ட்ஸ் மணல் துகள் இருக்கும். அழுக்குத் துணியால் துடைத்தால் 9எச் பூச்சிலும் வட்ட வட்டமாகக் கீறல் விழுவது அதனால்தான்.

மிக மெல்லிய படலத்தில் இந்தச் சோதனை செய்யும்போது அடியில் இருக்கும் பரப்பும் முடிவைப் பாதிக்கும். கண்ணாடியின் மேல் பூசி எடுத்த அளவு ஒன்று, கார் பெயின்டின் மேல் எடுத்தால் வேறொன்று. ஆகவே விற்பவரிடம் ஒரே கேள்வி போதும்: "எந்தப் பரப்பில் சோதித்தது? அறிக்கை காட்ட முடியுமா?" பதில் வரும் விதமே நிறையச் சொல்லிவிடும்.

படி 3: "தாங்கும்" என்றால் எது தாங்கும் என்று கேளுங்கள்

இங்கேதான் நிதானம் தேவை. கோட்டிங்கின் ஆயுள் என்பது ஒரே எண் இல்லை. தண்ணீரை முத்து முத்தாக உருட்டும் குணம், பளபளப்பு, ரசாயன எதிர்ப்பு ஆகியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் தேயும்.

தண்ணீர் உருளும் குணத்தைத் தொடுகோணத்தால் அளக்கிறார்கள். துளி பரப்போடு சேரும் இடத்தில் கோணம் 90 டிகிரிக்கு மேல் இருந்தால் பரப்பு நீரை விலக்குகிறது என்று பொருள். கண்ணுக்கு நேராகத் தெரிவதால் எல்லோரும் இதை வைத்துத்தான் தீர்ப்பு சொல்கிறோம். ஆனால் இது இரண்டு பக்கமும் ஏமாற்றும். கோட்டிங் நன்றாக இருந்தும் சாலைப் புகை, எண்ணெய், தாது உப்பு படிந்தால் துளி உருளாது. நன்றாகக் கழுவினால் குணம் திரும்பிவிடும். மாறாக, கோட்டிங் போன பின்னும் மேலே அடித்த ஒரு சிலிக்கா ஸ்பிரே சில வாரம் அழகாகத் தண்ணீரை உருட்டும். காரைத் திருப்பித் தரும் அன்று தண்ணீர் ஊற்றிக் காட்டுவது கோட்டிங்கின் ஆயுளைப் பற்றி எதையும் நிரூபிக்காது.

சரி, நிறுவனங்கள் வருடத்தை எப்படிக் கணக்கிடுகின்றன? செனான் விளக்கு அல்லது புற ஊதா விளக்கு இருக்கும் பெட்டியில் மாதிரித் தகடுகளை வைத்து, வெப்பம், ஈரம், ஒளி மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்து வேகமாக முதுமையாக்குவார்கள். உப்பு நீர்த் தெளிப்புக்கு ஐஎஸ்ஓ 9227, கார் கழுவும் பிரஷ்ஷின் கீறலுக்கு ஐஎஸ்ஓ 20566 என்று தனித் தரங்களும் இருக்கின்றன. இவை இரண்டு பொருட்களை ஒப்பிட நல்லவை. ஆனால் பெட்டிக்குள் இத்தனை மணி நேரம் என்றால் சாலையில் இத்தனை வருடம் என்று எல்லா இடத்துக்கும் பொருந்தும் மாற்றுக் கணக்கு கிடையாது. நிழலில் நிற்கும் காரும் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் காரும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. பெயின்ட் துறை இன்றும் ஃபுளோரிடாவின் ஈர வெயிலிலும் அரிசோனாவின் வறண்ட வெயிலிலும் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். போன வருடம் சந்தைக்கு வந்த பொருளுக்கு 10 வருடம் என்று எழுதியிருந்தால், அந்தப் பூச்சோடு 10 வருடம் ஓடிய கார் ஒன்றுகூட இருக்க முடியாது. அந்த எண் ஒரு மதிப்பீடு. மதிப்பீடு செய்வதில் தவறில்லை. அளந்து பார்த்த உண்மையைப் போல அதை விற்பதுதான் தவறு.

படி 4: வாரண்டித் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள்

கடையில் நின்றுகொண்டு படிக்காதீர்கள். முழு நிபந்தனையையும் முன்கூட்டியே கேளுங்கள். தர மறுத்தால் அந்த வாரண்டி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது பின்னாலிருந்து தொடங்குவது நல்லது, அதாவது விலக்குகளிலிருந்து.

செராமிக் கோட்டிங் வாரண்டிகளில் வழக்கமாக விலக்கப்படுபவை: கல் பட்ட தடம், கீறல், வட்டக் கீறல், தண்ணீர்க் கறை, குறிப்பிட்ட நேரத்துக்குள் துடைக்காத பறவை எச்சம், மரப்பிசின், விபத்து, மறுபெயின்ட் அடித்த பகுதி. இந்தப் பட்டியலை எழுதிவிட்டு, உங்கள் காரின் பெயின்டுக்கு இதுவரை என்னென்ன சேதம் வந்திருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், நீங்கள் அஞ்சும் எதற்கும் அந்தத் தாள் பதில் சொல்லவில்லை. தண்ணீர்க் கறையைக் குறிப்பாகப் பாருங்கள். துளி உருண்டு நிற்கும் பரப்பில் அது காயும்போது கால்சியம், மெக்னீசியம் உப்புகள் ஒரே வட்டத்தில் குவியும். கோட்டிங் போட்ட பிறகு அதிகம் கேட்கப்படும் புகாரும் இதுதான், பெரும்பாலான தாள்களில் விலக்கும் இதுதான்.

அடுத்து, எது உள்ளே வருகிறது என்று பாருங்கள். "பளபளப்பு இழப்பு", "நிறம் மங்குதல்" என்று இருக்கும். எவ்வளவு இழந்தால் இழப்பு? பளபளப்பை அளக்க கிளாஸ் மீட்டர் (gloss meter) என்ற கருவி இருக்கிறது, அதற்கு ஐஎஸ்ஓ 2813 என்ற தரமும் இருக்கிறது. தாளில் அளவும் இல்லை, தொடக்க அளவைப் பதிவு செய்யவும் இல்லை என்றால் முடிவு முழுக்க அவர்கள் கண் பார்வையில்தான். பிபிஎஃப் வாரண்டி இந்த விஷயத்தில் தேவலை என்பேன். மஞ்சளாதல், வெடிப்பு, குமிழ், ஓரம் உரிதல் என்று அங்கே எழுதப்படும் குறைகள் யார் கண்ணுக்கும் தெரிபவை, வாதம் குறையும்.

பிறகு நிபந்தனைகள். வருடத்துக்கு ஒருமுறை அங்கீகரிக்கப்பட்ட கடையில் பரிசோதனை, அவர்கள் சொல்லும் ஷாம்பு, தானியங்கி பிரஷ் கழுவலுக்குத் தடை, குறிப்பிட்ட நாளுக்குள் சேசிஸ் எண்ணோடு இணையப் பதிவு. ஒன்றைத் தவறவிட்டாலும் முழு வாரண்டியும் போய்விடும் என்று பல தாள்களில் இருக்கும். பரிசோதனைக்குக் கட்டணம் உண்டா, அதில் புதிதாக ஒரு மேல் அடுக்கு பூசுவார்களா என்று கேளுங்கள். வருடந்தோறும் பூசுகிறார்கள் என்றால் 5 வருடம் தாங்குவது முதல் நாள் பூசிய கோட்டிங் ஆகாது, நீங்கள் 5 முறை பணம் கட்டி வாங்கும் சேவை. அந்த மொத்தச் செலவைக் கூட்டி, வருடக் கணக்கால் வகுத்துப் பார்த்த பிறகுதான் மலிவா, விலை அதிகமா என்று சொல்ல முடியும்.

கடைசியாக, ஈடு என்ன? பெரும்பாலும் பாதிக்கப்பட்ட பகுதியில் மட்டும் மறுபூச்சு. பணம் திரும்பத் தருவது அரிது. தந்தாலும் கழிந்த வருடத்துக்கு ஏற்பக் குறைத்துத் தருவதாகவோ, நீங்கள் கட்டிய தொகையைத் தாண்டாது என்றோ இருக்கும். மறுபூச்சுக்கு முன் செய்யும் பாலிஷ் வேலைக்குக் கூலி யார் தருவார்கள் என்பதையும் பாருங்கள். வாரண்டி தருவது தயாரிப்பு நிறுவனமா, பூசும் கடையா? கடை மட்டும் என்றால், அந்தக் கடை இருக்கும் வரைதான் வாரண்டி. "ஆயுள் முழுக்க" என்பது பல இடங்களில் நீங்கள் உரிமையாளராக இருக்கும் காலம் மட்டும்; காரை விற்றால் புது உரிமையாளருக்குப் போகுமா என்பது தனி வரியில் இருக்கும்.

படி 5: கார் கடைக்குள் போகும் முன் பதிவு செய்யுங்கள்

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி நல்ல கடைகளில் இருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் அளவெடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். கோட்டிங்குக்கு முன் செய்யும் பாலிஷ் கிளியர் கோட்டில் சில மைக்ரானைத் தேய்த்து எடுக்கும். 40 மைக்ரான் அடுக்கில் அது சிறிய விஷயம் இல்லை, திரும்ப வளராது. பழைய கீறல்களைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூசும் பொருளின் பெயர், தயாரிப்புத் தொகுதி எண் (பேட்ச் நம்பர்), எத்தனை அடுக்கு, தேதி, சேசிஸ் எண் எல்லாம் பில்லில் வரவேண்டும். "செராமிக் கோட்டிங்" என்று மட்டும் எழுதிய பில் பிறகு உதவாது.

பூசிய பிறகு முதல் 24 மணி நேரம் தண்ணீர் படாமலும், ஏறக்குறைய ஒரு வாரம் ஷாம்பு போடாமலும் வைக்கச் சொல்வார்கள். உங்கள் பொருளுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

படி 6: சில மாதத்துக்கு ஒருமுறை நீங்களே சோதியுங்கள்

பிஎச் நடுநிலையான (அமிலமும் காரமும் இல்லாத) ஷாம்பு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, இரண்டு வாளி (ஒன்று ஷாம்பு நீருக்கு, ஒன்று துணி அலச) போதும். கழுவிய பின் பானெட், கூரை, கதவு மூன்றிலும் தண்ணீர் தெளித்துப் படம் எடுங்கள். கூரையும் பானெட்டும் வெயிலை நேராக வாங்குவதால் முதலில் தேய்வது அவைதான். கதவில் உருளும் தண்ணீர் கூரையில் தேங்கி நின்றால் கோட்டிங் போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முதலில் இரும்புத் துகளை நீக்கும் திரவம், பிறகு தாதுக் கறையை நீக்கும் திரவம் போட்டுக் கழுவுங்கள். உங்கள் கோட்டிங் நிறுவனம் அனுமதிக்கும் பொருளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் கூரை மாறவில்லை, கதவு மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் கேள்வி கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

படி 7: உரிமை கோரும்போது

தொலைபேசியில் தொடங்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பில், பதிவுச் சான்று, வருடப் பரிசோதனை ரசீதுகள், முன்பும் பின்பும் எடுத்த படங்கள், தாளில் எந்தப் பிரிவின் கீழ் கோருகிறீர்கள் என்ற வரி ஆகியவை ஒரே மின்னஞ்சலில் போகட்டும். கடைக்கு அனுப்பும்போதே தயாரிப்பு நிறுவனத்துக்கும் நகல் அனுப்புங்கள். பூச்சுக் குறையா, பூசியவர் குறையா என்று இருவரும் ஒருவரையொருவர் காட்டும்போது உங்கள் கடிதம் இருவரிடமும் இருக்கும். பதில் வரும் வரை அந்தப் பகுதியில் பாலிஷ் போடவோ வேறு எதையும் பூசவோ வேண்டாம். மறுத்தால், எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். நுகர்வோர் அமைப்பிடம் போக நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தக் கடிதம்தான்.