முதலாண்டு அசைன்மென்ட் எழுத: தலைப்பைச் சுருக்குவதே பாதி வேலை

"தாமிரபரணி மாசுபாடு" என்று தலைப்பு வைத்தால் ஐந்து பக்கத்தில் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. பாபநாசத்தில் ஆற்றில் விடப்படும் பழந்துணி ஒரு சிக்கல்; திருநெல்வேலி மாநகரின் கழிவுநீர் வேறொன்று. ஒன்றை மட்டும் எடுத்து, அதையும் கேள்வியாக்குங்கள்: "பாபநாசத்தில் துணி விடுவது தொடர்வது ஏன்?" இதற்குப் பொருந்தாத குறிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியே.

பத்திக்கு ஒரே கருத்து. முதலில் கருத்து, பிறகு சான்று, அடுத்து அந்தச் சான்று கருத்தை எப்படி நிறுவுகிறது என்ற விளக்கம். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இந்த மூன்றாவதில்தான். எண்களைக் கொட்டிவிட்டு அடுத்த பத்திக்கு ஓடிவிடுகிறார்கள்; மதிப்பெண் அங்கேதான் போகிறது.

குறிப்பெடுக்கும்போதே ஆசிரியர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் எழுதுங்கள். கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றை மறுபதிப்பில் படித்திருந்தால் மறுபதிப்பின் ஆண்டும் வேண்டும். பக்க எண்கள் மாறியிருக்கலாம்.

நாலு சொல்லை மாற்றிப்போடுவதும் காப்பிதான். புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். அப்படியே வந்த தொடருக்கு மேற்கோள்குறி. சொந்த நடையில் எழுதினாலும் ஆதாரம் காட்ட வேண்டும்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்.