மைக்ரோவா, மேக்ரோவா? முதல் பொருளியல் கோர்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோ என்பது தனிமனிதர், நிறுவனம், தனிச் சந்தை பற்றிய பொருளியல்; மேக்ரோ நாட்டின் ஒட்டுமொத்தப் பொருளாதாரம் பற்றியது. கல்லூரியில் பொருளியல் அறிமுக கோர்ஸுக்குப் பதிவு செய்யும்போது பலரும் கேட்பது "இரண்டில் எது ஈஸி?" என்றுதான். அதற்கு முன் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தைப் பார்க்க வேண்டும். வணிகம், நிதி, பொருளியல் பட்டங்கள் பலவற்றில் இரண்டுமே கட்டாயம். அப்படியானால் எதை முதலில் எடுப்பது என்பது மட்டுமே உங்கள் கேள்வி. சில கல்லூரிகளில் மைக்ரோவை முடிக்காமல் மேக்ரோவில் சேர விடமாட்டார்கள். சில இடங்களில் எந்த வரிசையும் சரி. இரண்டையும் சுருக்கி ஒரே கோர்ஸாக நடத்துவதும் உண்டு. அதை எடுப்பதாக இருந்தால், மேல்நிலைப் பாடங்களில் சேர அது போதுமா என்று துறையில் கேட்டுவிடுங்கள்.

தனிமனிதர், தனி நிறுவனம் பற்றிய பாடம்தானே, மைக்ரோ லேசாக இருக்கும் என்று நினைத்து வருபவர்கள் இரண்டாவது மாதத்தில் முழிப்பார்கள். வரைபடங்கள் குவிவது அங்கேதான். சராசரிச் செலவு, இறுதிநிலைச் செலவு (இன்னும் ஒன்றைத் தயாரிக்க ஆகும் கூடுதல் செலவு), இறுதிநிலை வருவாய் (அதை விற்றால் வரும் கூடுதல் வருவாய்) எல்லாவற்றையும் ஒரே படத்தில் வரைந்து, லாபம் எந்தச் செவ்வகம் என்று காட்டச் சொல்வார்கள். மேக்ரோவில் கணக்கு குறைவுதான். கூடுதலாக வரும் 100 ரூபாயில் மக்கள் 80 ரூபாயைச் செலவழித்தால், பெருக்கி (புதிதாகச் செலவாகும் ஒரு ரூபாய் மொத்த வருமானத்தை எத்தனை ரூபாய் கூட்டும் என்ற எண்) 1/(1−0.8), அதாவது 5. கணக்கு அவ்வளவுதான். ஆனால் வரியும் இறக்குமதியும் சேர்ந்தால் அந்த 5 ஏன் குறைகிறது என்று விளக்குவதில்தான் மதிப்பெண் போகும். அறிமுக நிலையில் பெரும்பாலும் பள்ளிக் கணக்கே போதும், அதற்குப் பயந்து எதையும் ஒதுக்க வேண்டாம்.

அரசின் கொள்கைகளில் ஆர்வம் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மேக்ரோவை எடுப்பார்கள். ஆனால் வாடகைக்கு உச்சவரம்பு, குறைந்தபட்சக் கூலி, மாசுக்கு வரி, முற்றுரிமையை (ஒரே நிறுவனம் சந்தையைப் பிடித்திருப்பதை)க் கட்டுப்படுத்துவது என்று பாதிக் கொள்கைகள் மைக்ரோவில்தான் வருகின்றன. பணவீக்கம், வேலையின்மை, மத்திய வங்கியின் வட்டி விகிதம் ஆகியவைதான் உங்களை இழுக்கின்றன என்றால் மேக்ரோ சரியான தேர்வு. எந்தப் பங்கை வாங்கலாம் என்று மட்டும் இரண்டிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

இரண்டையும் ஒரே செமஸ்டரில் எடுப்பதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்வேன். பாடச்சுமைகூட அவ்வளவு பெரிதல்ல, குழப்பம்தான் பெரிது. மைக்ரோவில் தேவைக் கோடு (எந்த விலையில் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) கீழ்நோக்கிச் சரியும். ஒரு பொருளின் விலை இறங்கினால் மற்றவற்றை விட்டு மக்கள் அதற்கு மாறுவது ஒரு முக்கியக் காரணம். மேக்ரோவில் மொத்தத் தேவைக் கோடும் அதேபோலச் சரியும், படம் அச்சு அசலாக அப்படியே இருக்கும். ஆனால் அங்கே மாறுவது நாட்டின் ஒட்டுமொத்த விலைமட்டம். எல்லா விலையும் சேர்ந்து இறங்கும்போது எதை விட்டு எதற்கு மாறுவது? கையிலுள்ள பணத்தின் வாங்கும் சக்தி கூடுவது, வட்டி இறங்குவது, ஏற்றுமதி மலிவாவது ஆகியவைதான் அங்கே காரணங்கள். மேக்ரோ தேர்வில் மைக்ரோ காரணத்தை எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழப்பவர்கள் நிறைய.

சேமிப்பு விஷயமும் அப்படித்தான். ஒரு குடும்பம் சிக்கனமாக இருந்தால் அதற்கு நல்லது. மந்தநிலையில் எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் செலவைக் குறைத்தால் மொத்த வருமானமே சரியும், ஏனென்றால் ஒருவரின் செலவுதான் இன்னொருவரின் வருமானம். 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய கால்பங்கு பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். தனித்தனிச் சந்தைகளை மட்டும் பார்த்து அதை விளக்க முடியாமல் போனதால்தான், 1936-இல் பிரிட்டிஷ் பொருளியலாளர் கெய்ன்ஸின் நூல் வந்த பிறகு, மேக்ரோ தனிப் பாடமாக வளர்ந்தது.

ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் நான் மைக்ரோவைத்தான் சொல்வேன். இன்னும் ஒன்று கூடுதலாகச் செய்தால் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்க்கும் பழக்கம் எந்தத் துறைக்குப் போனாலும் உதவும். இதழியல், சர்வதேச உறவுகள் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் மேக்ரோ.

இரண்டாவது கோர்ஸில் சேரும்போது ஒரு எச்சரிக்கை. பற்றாக்குறை, வாய்ப்புச் செலவு (ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிடும் அடுத்த நல்ல வாய்ப்பு), தேவை, அளிப்பு என்று இரண்டின் ஆரம்ப வாரங்களும் கிட்டத்தட்ட ஒன்றே. எல்லாம் படித்ததுதானே என்று வகுப்புக்கு மட்டம் போடுபவர்கள் திரும்பி வரும்போது, மைக்ரோ என்றால் நெகிழ்ச்சியும் (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது), மேக்ரோ என்றால் தேசிய வருமானக் கணக்கும் பாதி முடிந்திருக்கும்.