குமரியில் ஓரியன்டீரிங்: நடத்துபவர்களும் ஓடுபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் பிள்ளைகளை முதன்முதலாகப் பயிற்சிக்கு அழைத்துப்போன அன்று, சாலையோரம் நின்ற ஒரு பெரியவர் கேட்டார்: "இது என்ன ஓட்டம் சார், ஆளுக்கொரு பக்கமா ஓடுதானுவ?"

அதுதான் இந்த விளையாட்டு. ஒரு பிரிவில் ஓடும் எல்லோருக்கும் ஒரே வரைபடம். அதில் குறித்த இடங்களில் வெள்ளையும் ஆரஞ்சுமாக, 30 செ.மீ. பக்கம் உள்ள துணிக் கொடிகள் தொங்கும். கன்ட்ரோல் என்று பெயர். அவற்றைக் கொடுத்த வரிசையில் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் பஞ்ச் செய்துவிட்டு (அங்கே வந்ததற்கான அடையாளத்தைப் பதித்துவிட்டு), குறைந்த நேரத்தில் வந்து சேர வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது ஓடுபவரின் முடிவு. 1897-ல் நார்வேயில் பொதுமக்களுக்கான முதல் போட்டி நடந்தது. 1961-ல் சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது.

நம் மாவட்டத்தில் ஒரு தேசியப் போட்டி நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மலைச்சரிவு, பொற்றை (சிறு குன்று), ரப்பர், தென்னந்தோப்பு, பழைய கோட்டை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும் நிலம் இது. ஆனால் மாரத்தான் நடத்துகிற மனதோடு இதில் இறங்கினால் சிக்கல்தான். பேனர், டி-ஷர்ட், மேடை, சிறப்பு விருந்தினர் என்று ஏற்பாடெல்லாம் முடிந்த பிறகு, கடைசி இரண்டு வாரத்தில் "சரி, மேப் யார் போடுறது?" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். நான் கண்ட தவறுகளில் பெரியது இதுவே.

செயற்கைக்கோள் படத்தை அச்சடித்து அதில் வட்டம் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். குளச்சல் கடற்கரைக்கு அது ஓரளவு உதவலாம். குலசேகரம் பக்கம் மேலிருந்து பார்த்தால் ரப்பர் மரத்தின் தலை மட்டுமே தெரியும். கீழே இருக்கும் படித்தட்டு, கல் கையாலை, ஓடை, பாறை, பால் வெட்டுகிறவர்கள் நடந்து நடந்து விழுந்த தடம் எதுவும் அதில் இருக்காது. சர்வே துறையின் 1:50,000 வரைபடமும் போதாது. அதில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. நமக்குத் தேவையான வரைபடம் 1:15,000 அல்லது 1:10,000 அளவில், 5 மீட்டருக்கு ஒரு கோடு போட்டது. ஸ்பிரின்ட் எனப்படும் குறுந்தூரப் போட்டிக்கு 1:4,000. அதற்கு ஆள் நிலத்தில் இறங்கி நடந்தே தீர வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு இருபது, முப்பது மணி நேரமாவது களவேலை பிடிக்கும். வரைவதற்கு ஓப்பன்ஓரியன்டீரிங் மேப்பர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பணத்தைவிட நாள்தான் அதிகம் வேண்டும். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

வரைபடத்தின் நிறங்களிலும் புதியவர்கள் ஏமாறுவார்கள். வெள்ளை என்றால் வெட்டவெளி என்று நினைத்துவிடுகிறோம். இதில் வெள்ளை என்பது தடையின்றி ஓடக்கூடிய காடு. வெட்டவெளிக்கு மஞ்சள். பச்சை அடர அடர உள்ளே நுழைவது கடினம். ரப்பருக்கு வெள்ளை போடலாமா, பச்சை போடலாமா என்பது பருவத்தைப் பொறுத்தது. மழை முடிந்த கையோடு தரையை மூடிப் படர்ந்திருக்கும் கொடி, பிப்ரவரியில் காய்ந்து கிடக்கும். அக்டோபரில் வரைந்ததைத் திருத்தாமல் பிப்ரவரிப் போட்டிக்குக் கொடுத்தால், பச்சையைச் சுற்றிப்போன பிள்ளை தோற்கும், தெரியாமல் உள்ளே புகுந்த பிள்ளை ஜெயிக்கும். அது நியாயமா? இளம் ரப்பருக்கு இடையில் கைதச்சக்கை (அன்னாசி) நட்டிருக்கும் இடங்களை நுழையக் கூடாத பகுதியாகவே குறித்துவிடுங்கள். முள் காலைக் கிழிக்கும், விவசாயிக்கும் நஷ்டம்.

இனி, அச்சிடும் இடத்தில் நடக்கும் ஒரு தவறு. கடையில் "பேப்பருக்கு ஏற்ப அளவை மாற்று" என்ற தேர்வோடு அச்சடித்துவிடுவார்கள். படம் அழகாகத்தான் வரும், ஆனால் அளவு சுருங்கியிருக்கும். 1:10,000-ல் ஒரு சென்டிமீட்டர் 100 மீட்டராக இருக்க வேண்டும். முதல் பிரதியை வாங்கியதும் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். அப்புறம், வியர்வையில் கரையாத தாளில் அடியுங்கள், அல்லது பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள்.

நாள் குறிப்பதிலும் நம் மாவட்டத்துக்கென்று ஒரு கணக்கு உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்யும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்துபோனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மழை விட்ட பிறகும் ஜனவரி நடுப்பகுதி வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தால் கன்னியாகுமரி விடுதிகள் நிரம்பியிருக்கும், வெளிமாநில அணிகள் தங்க இடமில்லாமல் அலையும். என் தேர்வு பிப்ரவரி. ரப்பர் இலை உதிர்த்து ஓய்வெடுக்கிற காலம் அது. பல தோட்டங்களில் பால் வெட்டும் நின்றிருக்கும். மற்ற மாதங்களில் காலை வேளைதான் மரத்தில் சிரட்டை நிறையும் நேரம். ஓடுகிறவன் கை பட்டு நாலு சிரட்டை கவிழ்ந்தால், அது ஒரு தொழிலாளியின் அன்றைய உழைப்பு. அடுத்த முறை அனுமதி கேட்டு அந்தத் தோட்டத்துப் படி ஏற முடியாது.

அனுமதி என்றதும் ஆட்சியர் அலுவலகக் கடிதம் ஒன்று போதும் என்று இருந்துவிடாதீர்கள். வனப்பகுதி என்றால் வனத்துறை, அரசு ரப்பர் கழகத்தின் தோட்டம் என்றால் கழகம், தனியார் விளை (தோட்டம்) என்றால் ஒவ்வொரு உரிமையாளரும். குமரியில் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது, விளைக்கு விளை ஒரு வீடு இருக்கும். முந்தின நாள் மாலை நாங்கள் கட்டிவைத்த மூன்று கொடிகள் ஒருமுறை காலையில் காணாமல் போயின. ரோடு போட நிலம் அளக்க வந்த அடையாளம் என்று நினைத்து அந்த வீட்டுக்காரர்கள் பிடுங்கி வைத்திருந்தார்கள். அவர்கள் மேல் குறை இல்லை, முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறு. இப்போதெல்லாம் முந்தின ஞாயிறே சர்ச்சிலும் கோயில் மைக்கிலும் அறிவிக்கச் சொல்லிவிடுகிறோம். கூடவே இன்னொன்றும் சொல்லச் சொல்கிறோம்: ஓடுகிற பிள்ளைகளுக்கு வழி காட்டாதீர்கள். "மக்கா, எங்க போணும்?" என்று கேட்டு உதவுவது இந்த ஊரின் குணம். போட்டியில் அந்த உதவியை ஏற்றுக்கொண்டால் விதிமீறல்.

கன்ட்ரோல் வைப்பதில் பரிசோதனை இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். வைத்தவரே சரிபார்க்கக் கூடாது. ஒரே மாதிரி இரண்டு பாறை இருந்தால், தவறான பாறையில் கட்டியவருக்கு அது தவறென்று கடைசிவரை தெரியாது. இரண்டு கன்ட்ரோல்களுக்கு இடையே குறைந்தது 30 மீட்டர், ஒரே வகையான அடையாளங்கள் என்றால் 60 மீட்டர் இடைவெளி வேண்டும். கொடியைப் புதருக்குள் ஒளிப்பது திறமை என்று சிலர் நினைக்கிறார்கள். வரைபடத்தைச் சரியாகப் படித்து இடத்துக்கு வந்தவருக்குக் கொடி கண்ணில் பட வேண்டும்.

ஓடுபவர்களுக்கு முதலில் திசைகாட்டி பற்றி. வடக்கு நாடுகளுக்கென்று செய்த திசைகாட்டியை ஆன்லைனில் வாங்கி வருகிறார்கள். அங்கே காந்தப்புலம் முள்ளின் வடமுனையைக் கீழே இழுக்கும் என்பதால், அதைச் சமன்செய்ய முள்ளின் எடையை மாற்றி வைத்திருப்பார்கள். நாம் இருப்பது காந்த நடுக்கோட்டுக்கு அருகில். திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்ததே இந்தக் காரணத்தால்தான். கீழே இழுக்கும் விசை இங்கே இல்லாததால் முள் மறுபக்கம் சாய்ந்து, உறையில் உரசி நின்றுவிடும். நம் மண்டலத்துக்குச் சமன்செய்தது அல்லது எல்லா மண்டலத்துக்கும் பொதுவானது என்று பார்த்து வாங்குங்கள். வரைபடத்தின் வடக்குக் கோடுகள் காந்த வடக்கை நோக்கியே போட்டவை. எனவே எந்தக் கழித்தலும் கூட்டலும் வேண்டாம்.

தொடக்கத்தில் விசில் கேட்டதும் பாய்வது அடுத்த தவறு. பத்து விநாடி நின்று வரைபடத்தை வடக்கோடு பொருத்தி, முதல் கன்ட்ரோல் வரை வழியை முடிவுசெய்துவிட்டு ஓடுபவர் பின்னால் பத்து நிமிடம் மிச்சம் பிடிப்பார். முன்னால் ஓடுகிறவரின் பின்னாலேயே போகாதீர்கள். அவர் வேறு பிரிவாக இருக்கலாம், அவருடைய கன்ட்ரோல் வேறாக இருக்கும். கொடியைக் கண்ட மகிழ்ச்சியில் எண்ணைப் பார்க்காமல் பஞ்ச் செய்தாலும், ஒன்றை விட்டுவிட்டாலும் அந்த ஓட்டமே கணக்கில் வராது.

புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை போன்ற இடத்தில் ஸ்பிரின்ட் நடந்தால் இன்னும் கவனம் வேண்டும். திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாயின் கல்லறை இருக்கும் அந்தக் கோட்டைக்குள் சுமார் 90 ஏக்கர் பரப்பு. ஸ்பிரின்ட் வரைபடத்தில் தடித்த கருப்புக் கோடாக வரைந்த மதில், ஏறிக் குதிக்க முடிந்தாலும் தாண்டக் கூடாதது. தாண்டினால் தகுதி போய்விடும். போட்டிப் பகுதி அறிவிக்கப்பட்ட பிறகு அங்கே போய்ப் பழகுவதும் கூடாது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும்.

முழுக்கால் உடை, ஒரு விசில் இரண்டும் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். பாம்பும் அட்டையும் உள்ள நிலம் இது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வழியும் நேரமும் முதலுதவிக் குழுவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

என்னை இன்றும் உறுத்தும் தவறு ஒன்று உண்டு. ஒரு பயிற்சி நாளில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வழி தவறி, சோர்ந்து, தார் ரோட்டுக்கு வந்து, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டான். முடிப்பிடத்தில் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாங்கள் மழையில் நனைந்து, இருட்டும் வரை ஓடைக்கரையெல்லாம் அவன் பெயரைக் கூப்பிட்டுத் தேடினோம். அவனுடைய அம்மா போன் செய்தபோது மணி ஏழு. ஓட்டத்தைப் பாதியில் விட்டாலும் முடிப்பிடத்துக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். தொடக்கப் பட்டியலையும் முடிவுப் பட்டியலையும் ஒருவர் உட்கார்ந்து பெயர் பெயராக ஒத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு நேராகும் வரை ஒரு கொடியைக்கூட அவிழ்க்காதீர்கள்.