வாலட்டின் வசதிகளும் காவல்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் கணினியும் கைப்பேசியும் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். பிட்காயின் போன்ற கிரிப்டோ பணத்தைக் கையாளும் வாலட் செயலியைப் பயன்படுத்தத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்பதால், அக்கம்பக்கத்து இளைஞர்கள் அது தொடர்பாக எதற்கும் என்னைத்தான் தேடி வருகிறார்கள். அவர்களில் பலர் நான் அன்று செய்த தவறுகளையே மீண்டும் செய்துவிட்டு வந்து நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. வாலட்டை மீட்டெடுக்க உதவும், சீட் ஃப்ரேஸ் எனப்படும் 12 சொற்களை யாரிடமும் சொல்லக் கூடாது, படம் எடுத்து வைக்கக் கூடாது என்பதெல்லாம் தெரிந்த செய்திகள், அவற்றை விட்டுவிடுகிறேன். நம்மைக் காப்பதற்கென்று வாலட்டில் வைக்கப்பட்டவற்றாலேயே பணம் போகும் வழிகளைத்தான் எழுதுகிறேன்.

பாஸ்ஃப்ரேஸை எழுதி வைக்காமலும் சோதிக்காமலும் இயக்குவது

சென்ற மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்தார். துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு பார்க்கும் வேலை அவருக்கு. புதிய கைப்பேசி வாங்கி, தாளில் எழுதி வைத்திருந்த 12 சொற்களையும் பிழையின்றி இட்டு, அவற்றோடு சேர்த்து இடுவதற்கெனக் கூடுதலாகத் தாமே வைத்திருந்த ரகசியச் சொல்லான பாஸ்ஃப்ரேஸையும் இட்டிருக்கிறார். வாலட் திறந்துகொண்டது, உள்ளே ஒன்றும் இல்லை. "அண்ணா, யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்றார். யாரும் எதுவும் செய்திருக்கவில்லை.

பெரும்பாலான வாலட்கள் பின்பற்றும் பிப் 39 என்ற முறையில், 12 சொற்களும் 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருகின்றன. கடைசிச் சொல்லில் சரிபார்ப்புக்கென 4 பிட் ஒளிந்திருப்பதால், ஒரு சொல்லை மாற்றி இட்டால் 16-இல் 15 முறை வாலட் அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். பாஸ்ஃப்ரேஸுக்கு அப்படி எந்தச் சரிபார்ப்பும் கிடையாது. நாம் எதைத் தட்டினாலும், அது 12 சொற்களோடு சேர்த்து 2048 சுற்றுகள் அரைக்கப்பட்டு, அதற்கே உரிய ஒரு தனி வாலட்டைத் திறக்கும். அதாவது தவறான பாஸ்ஃப்ரேஸ் என்று ஒன்று இல்லவே இல்லை. பெரிய எழுத்துக்குப் பதில் சின்ன எழுத்து வந்தாலும், ஓர் இடைவெளி கூடினாலும், அதே கதவு எண் கொண்ட வேறு தெரு வீட்டுக்குள் போய் நிற்போம். பிழைச் செய்தியும் வராது.

அந்தத் தம்பியின் நல்ல காலம், கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து அவர் பணத்தை எடுத்தபோது பதிவான பழைய வாலட் முகவரி கையில் இருந்தது. முதல் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம், முகவரி பொருந்தவில்லை. பழைய கைப்பேசியில் எப்படித் தட்டினார் என்று கேட்டேன். எழுத்து எழுத்தாகத் தட்டவில்லை, கீபோர்டின் மேல்வரிசையில் தோன்றிய சொல்லைத் தொட்டுத் தேர்ந்தெடுத்தேன் என்றார். அப்படித் தேர்ந்தெடுத்தால் கீபோர்டு தானாகவே சொல்லின் முடிவில் ஓர் இடைவெளி விடும். கடைசியில் ஓர் இடைவெளி சேர்த்துத் தட்டினோம். பழைய முகவரி வந்தது, பணமும் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் இடைவெளிக்காக அவர் நான்கு இரவு உறங்கவில்லை.

எனக்கு அந்த நல்ல காலம் வாய்க்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்து, மடிக்கணினியும் கைப்பேசியும் வீணாயின. 12 சொற்களை எவர்சில்வர் தட்டில், பாத்திரத்தில் பெயர் வெட்டும் கருவியை வாங்கி நானே வெட்டி வைத்திருந்தேன். சேற்றைக் கழுவியதும் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. பாஸ்ஃப்ரேஸோ நினைவில் மட்டும்தான் இருந்தது, அதுவும் நினைவில் இருப்பதாக நான் நம்பியதுதான். மாதக்கணக்கில் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய காலி வாலட் திறந்தது. என் பழைய முகவரியை இன்றும் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் எவரும் பார்க்கலாம். தொகை அப்படியே இருக்கிறது, எடுக்க வழியில்லை. "கூடுதல் பாதுகாப்பு" என்று மட்டும் எழுதி, அதற்குக் கீழே ஒரு பொத்தானை வைத்திருக்கும் செயலிகளைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பாஸ்ஃப்ரேஸ் வேண்டும் என்று முடிவு செய்தால், பணம் போடுவதற்கு முன்பே அதை எழுத்து, இடைவெளி உட்பட எழுதி, 12 சொற்கள் இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறொரு வீட்டில் வையுங்கள். அதில் திறக்கும் வாலட்டின் முதல் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சிறு தொகை ஒன்றை அனுப்பி, வாலட்டை முழுவதுமாக அழித்து, எழுதி வைத்த தாளை மட்டும் பார்த்து மீட்டெடுங்கள். அதே முகவரி வந்த பிறகே மீதிப் பணத்தை அனுப்புங்கள். தமிழில் பாஸ்ஃப்ரேஸ் வைத்தால் யாராலும் ஊகிக்க முடியாது என்று சிலர் எண்ணுகிறார்கள். தனிக் கருவியாக வரும் வன்பொருள் வாலட்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துகளை மட்டுமே இட முடியும் என்பதால், நாளை அவற்றுக்கு மாற நினைத்தால் வழி அடைபட்டுப் போகும்.

கைரேகையைச் சாவி என்று எண்ணுவது

கைரேகை அந்தக் கைப்பேசியில் உள்ள செயலியை மட்டுமே திறக்கிறது. பிளாக்செயினுக்கு உங்கள் விரலும் தெரியாது, முகமும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் விரலை வைத்தே திறந்து பழகியவர்கள் செயலியின் கடவுச்சொல்லை மறந்துவிடுகிறார்கள். சொற்கள் எழுதிய தாள் எங்கே என்பதும் நினைவில் இருப்பதில்லை. கைப்பேசி தொலைந்த அன்றுதான் இரண்டையும் தேடுகிறார்கள். மாதம் ஒரு முறையாவது கடவுச்சொல்லைத் தட்டித் திறங்கள்.

பழைய பரிவர்த்தனையிலிருந்து முகவரியைப் படியெடுப்பது

எத்தீரியம் என்ற பிளாக்செயினில் முகவரி 42 எழுத்து நீளம். செயலி முதல் சிலவற்றையும் கடைசிச் சிலவற்றையும் மட்டும் காட்டி நடுவே புள்ளி வைத்துவிடுகிறது. திருடர்கள் நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே முதலும் முடிவும் அமைந்த ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து சில்லறைத் தொகையை உங்களுக்கு அனுப்பி, உங்கள் பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் இடம்பிடித்துக்கொள்கிறார்கள். 2024 மே மாதம் ஒருவர் அப்படிப்பட்ட முகவரிக்கு எத்தீரியத்தில் புழங்கும் பிட்காயின் வடிவமான ரேப்டு பிட்காயின் 1,155-ஐ, ஏறத்தாழ 6.8 கோடி டாலரை, அனுப்பிவிட்டார். அதில் பெரும்பகுதி பின்னர் திரும்பி வந்தது; நமக்கும் அப்படித் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. செயலியிலுள்ள முகவரிப் புத்தகத்தில் ஒரு முறை முழுமையாகச் சரிபார்த்துச் சேமித்து, அங்கிருந்து மட்டும் அனுப்புங்கள்.

ஐகிளவுட் பேக்கப்

ஐபோன் தரவை ஆப்பிளின் இணையச் சேமிப்பகத்தில் படியெடுத்து வைக்கும் இந்த பேக்கப்பில் வாலட் தரவும் சேர்ந்துவிடக்கூடும் என்று, மெட்டாமாஸ்க் என்ற வாலட்டின் நிறுவனமே 2022 ஏப்ரலில் எச்சரித்தது. வாலட் செயலிக்கு மட்டும் அதை நிறுத்திவிடுங்கள்.

பின் எண்ணை ஊகித்துத் தட்டுவது

லெட்ஜர் என்ற வன்பொருள் வாலட் கருவி மூன்றாவது தவறில் தன்னிடம் உள்ளதை அழித்துவிடும். சொற்கள் எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு தட்டுங்கள்.

வரம்பில்லா அனுமதி

ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டாம் என்று உங்கள் வாலட்டிலிருந்து பணத்தை எடுக்க ஓர் இணையச் செயலிக்கு வரம்பில்லாத அனுமதி தந்துவிட்டால், செயலியின் தொடர்பைத் துண்டிப்பதால் மட்டும் அது நீங்காது; அனுமதியை ரத்துசெய்யத் தனியே ஒரு பரிவர்த்தனையைக் கட்டணம் செலுத்திச் செய்ய வேண்டும். அந்தத் தண்டையார்பேட்டைத் தம்பியின் வாலட்டிலேயே அப்படி மூன்று அனுமதிகள் திறந்து கிடந்தன. பணம் கிடைத்த அன்றே, கடையில் உட்கார்ந்து, மூன்றையும் ரத்துசெய்துவிட்டுத்தான் கிளம்பினார்.