சிறு பாய்மரப் படகுக்குக் கையடக்க விளக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்து மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகுகள் பலவற்றில் பேட்டரியோ மின்கம்பிகளோ இருக்காது. 4.8 மீட்டர் நீளமுள்ள வேய்ஃபேரர் போன்ற படகுகளைப் பெரும்பாலும் பகலில்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் மாலையில் காற்று விழுந்துவிட்டால் கரை சேருவதற்குள் இருட்டிவிடும். அதற்காகத்தான் உலர் பேட்டரியில் எரியும், கழற்றி மாட்டக்கூடிய விளக்குகளை வாங்குகிறோம். கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி "இது எவ்வளவு பிரகாசம்?" என்பது. தவறு அங்கேயே தொடங்குகிறது. எந்த நிறம், எந்தத் திசையில், எத்தனை பாகைக்குத் தெரிகிறது என்பதே முதலில் கேட்க வேண்டியது. எதிரே வரும் கப்பலில் காவல் நிற்பவர் உங்கள் படகைப் பார்ப்பதில்லை. விளக்கைப் பார்த்து நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்று கணிக்கிறார்.

கடலில் மோதலைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்திருக்கின்றன. வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு. இரண்டும் நேர் முன்னாலிருந்து பக்கவாட்டைத் தாண்டிச் சற்றுப் பின்வரை, ஆளுக்கு 112.5 பாகை. பின்பக்கம் வெள்ளை, 135 பாகை. மூன்றும் சேர்ந்தால் முழு வட்டம். பாயில் ஓடும் படகுக்கு இவ்வளவுதான் வேண்டும்.

இங்கேதான் நான் அடிக்கடி காணும் பெரிய பிழை நடக்கிறது. கடைகளில் ஒரே பெட்டியில் விற்கும் ஜோடி பெரும்பாலும் இப்படி இருக்கும்: முன்முனையில் மாட்ட ஒரு சிவப்பு-பச்சை விளக்கு, பின்னால் ஒரு கம்பத்தின் நுனியில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு. இது 12 மீட்டருக்குக் குறைவான மோட்டார் படகுக்கான அமைப்பு. பாயில் போகும்போது இதை ஏற்றினால் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. முன்னாலிருந்து பார்ப்பவருக்கோ சிவப்பும் வெள்ளையும், அல்லது பச்சையும் வெள்ளையும் சேர்ந்து தெரியும். மோட்டார் படகு வருகிறது என்று அவர் முடிவுகட்டுவார். பாய்ப்படகுக்கு மோட்டார் படகு வழிவிட வேண்டும் என்பது பொது விதி. நீங்கள் மோட்டார் படகின் விளக்கைக் காட்டிக்கொண்டு போனால், அவர் விலகுவார் என்று நீங்களும், நீங்கள் விலகுவீர்கள் என்று அவரும் காத்திருக்க நேரிடும். ஆகவே 135 பாகை மட்டும் தெரியும் பின்விளக்கைத் தனியாக வாங்குங்கள். கம்பத்து விளக்கை வீசிவிட வேண்டாம். பாயை இறக்கி எஞ்சினைப் போட்டதும் அது உதவும். பாய் ஏறியே இருந்தாலும் எஞ்சின் படகைத் தள்ளினால் விதிப்படி அது மோட்டார் படகுதான். அப்போது அந்த வெள்ளை விளக்கு பக்க விளக்குகளைவிட ஒரு மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும்.

சரியான விளக்கை வாங்கியபின் அதைக் கோணலாக மாட்டுவது அடுத்த தவறு. உறிஞ்சு கிண்ணத்திலோ கிளாம்பிலோ நிற்கும் விளக்கு, பாயின் கயிறு ஒருமுறை உரசினாலே திரும்பிவிடும். வலப்பக்கமாகப் பதினைந்து பாகை திரும்பியது என்று வையுங்கள்: உங்களுக்கு முன்னால் சற்று வலப்புறத்தில் இருப்பவருக்குப் பச்சை தெரிய வேண்டிய இடத்தில் சிவப்பு தெரியும். நீங்கள் தன்னைக் குறுக்கிட்டு வேறு பக்கம் போவதாக அவர் எடுத்துக்கொள்வார். இதைக் கரையிலேயே சோதித்துவிடலாம். இருட்டியபின் படகுக்கு நேர் முன்னால் ஐம்பது மீட்டர் தள்ளி நின்று இடமும் வலமுமாக நடந்து பாருங்கள். ஒரு நிறம் தன் எல்லையைத் தாண்டி மறுபக்கம் அதிகபட்சம் மூன்று பாகைதான் கசியலாம். அந்தத் தூரத்தில் அது பக்கத்துக்கு இரண்டரை மீட்டரைச் சற்றே தாண்டும். அதாவது, இரண்டு நிறமும் சேர்ந்து தெரியும் பட்டை ஐந்து மீட்டர் அகலத்தை ஒட்டி, படகின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக விழ வேண்டும். பத்து மீட்டர் நடந்தும் இரண்டும் தெரிந்தால் அந்த விளக்கு அலங்காரத்துக்குத்தான் ஆகும்.

படகு சாயும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். காற்றில் இருபது பாகை சாய்ந்து ஓடும்போது ஒரு பக்க விளக்கு தண்ணீரையும் மறுபக்க விளக்கு வானத்தையும் பார்க்கும். பாய்ப்படகின் விளக்கு மேலும் கீழும் 25 பாகை வரை குறைந்தபட்ச ஒளியில் பாதியையாவது தர வேண்டும் என்று விதி சொல்வது இதனால்தான். மேல்கீழ் ஒளிப்பரப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாத பெட்டியை நான் வாங்கமாட்டேன். முன்பாய் தாழ்ந்து விளக்கை மறைக்கிறதா என்பதைப் பாயை ஏற்றி வைத்தே பாருங்கள்.

இதற்குத் தீர்வாக மூன்று நிறமும் ஒன்றாயமைந்த விளக்கைப் பாய்மர உச்சியில் ஏற்றலாம். 20 மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகுக்கு விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் கயிற்றில் தொங்கவிட்டால் அது சுழலும். சுழலும் விளக்கில் சிவப்புக்கும் பச்சைக்கும் பொருளே இல்லை. அசையாமல் பிணைக்க வழியிருந்தால் மட்டும் ஏற்றுங்கள். எஞ்சினில் ஓடும்போது அதை அணைத்துவிட வேண்டும்.

இனி பிரகாசத்துக்கு வருவோம். 12 மீட்டருக்குள் இருக்கும் படகின் பக்க விளக்கு ஒரு கடல் மைலுக்கும், பின்விளக்கு இரண்டு கடல் மைலுக்கும் தெரிந்தால் போதும். ஒரு திசையில் வீசும் ஒளியின் வலிமையை அளக்கும் கேண்டெலா அலகில் இவை முறையே 0.9, 4.3. பெட்டியில் மொத்த ஒளியின் அளவான லூமென் எண்ணைப் பெரிதாகப் போட்டு, தெரியும் தூரத்தைப் போடாமல் விட்டிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். டார்ச்சுகளுக்கான பொதுவான அளவீட்டில், ஒளி முதலிருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எரிந்த நேரம் முழுவதும் கணக்கில் சேரும். உங்கள் பின்விளக்கு அந்த நிலைக்கு வரும் முன்பே இரண்டு மைல் தகுதியை இழந்திருக்கலாம். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, உப்புநீர் பட்ட முனைகளைத் துடைத்து வையுங்கள்.

காந்தத்தில் ஒட்டும் விளக்கைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மலிவான எல்இடி விளக்குகள், படகுகள் பேசிக்கொள்ளப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோவைக் கெடுக்கலாம் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் எச்சரித்தது. ரேடியோவை அமைதியான அலைவரிசையில் வைத்து, இரைச்சலை அடக்கும் திருகை (ஸ்குவெல்ச்) இரைச்சல் சரியாக அடங்கும் இடத்தில் நிறுத்தி, பிறகு விளக்கைப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் திரும்பினால் விளக்கை மாற்றுங்கள். தெறித்து மின்னும் ஸ்ட்ரோப் விளக்கையும் வழக்கமாகப் போடாதீர்கள். அத்தகைய வீரிய விளக்குகளைத் தவிர்க்கும்படி விதியே சொல்கிறது.

எப்போது ஏற்றுவது என்பதிலும் தயக்கம் வேண்டாம்: சூரியன் மறைந்த நேரம்தான் கணக்கு, கண்ணுக்கு இருட்டும் நேரம் அல்ல. சென்னை போன்ற இடங்களில் சூரியன் மறைந்தபின் வெளிச்சம் வேகமாகப் போய்விடும். அந்த அரைமணிக்குள் கிளாம்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கிளம்பும்போதே மாட்டிவிடுங்கள்.

ஏழு மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகில் இந்த விளக்குகளை வைக்க வழியில்லாவிட்டால், வெள்ளை ஒளி தரும் டார்ச் அல்லது ஏற்றிய லாந்தர் கையில் தயாராக இருக்க வேண்டும். மோதலைத் தவிர்க்கப் போதிய நேரம் இருக்கும்போதே அதைக் காட்டிவிட வேண்டும். இந்தச் சலுகையை நம்பி விளக்கே வாங்காமல் இருப்பவர்களும் உண்டு. விளக்கு இருக்கிறதே என்று டார்ச்சை வீட்டில் விட்டுவருபவர்களும் உண்டு. இரண்டும் வேண்டும். நீர் புகாத டார்ச் ஒன்றைச் சுக்கான் பிடிப்பவரின் கைக்கெட்டும் இடத்தில் கயிற்றால் கட்டி வையுங்கள். கப்பல் நெருங்கினால் அதன் மேல்தளத்தை நோக்கி அடித்து அங்கிருப்பவரின் கண்ணைக் கூசவைக்க வேண்டாம். உங்கள் பாயின் மீது அடியுங்கள். வெள்ளைப் பாய் முழுவதும் ஒளிர்வது தூரத்திலிருந்தே தெரியும்.