துப்பும் பிள்ளைக்கு ஒரு கூட்டாஞ்சோறு

காயைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்ளும் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை வீட்டில் இருக்கிறதா? முதலில் பதற்றத்தை விடுங்கள். ஒரு வயதுக்குப் பின் வளர்ச்சியின் வேகம் குறைகிறது. பசியும் கூடவே குறைகிறது. பழகாத உணவை ஒதுக்குவது இந்த வயதின் இயல்பு. எடை ஏறாமல் நின்றுவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

1. பசிக்க விடுங்கள்

மகள் சாப்பிடவில்லை என்று நான் புலம்பிய நாட்களில், அவள் குடித்த பாலை அளந்து பார்த்தேன். முக்கால் லிட்டர்! இந்த வயதுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர் மட்டும்.

2. வேலை கொடுங்கள்

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அவளையே ஒரு காய் எடுக்கச் சொன்னேன். பிஞ்சுக் கத்தரிக்காயை எடுத்தாள். வீட்டில் முருங்கைக்கீரை உருவும் வேலையும் அவளுக்குத்தான். பாதிக் கீரை தரையில் கிடக்கும், கிடக்கட்டும்.

3. சமையுங்கள்

நம் திருநெல்வேலிக் கூட்டாஞ்சோறு இதற்கென்றே செய்தது போல இருக்கும். அரை கப் துவரம்பருப்பை அரை வேக்காடு வேகவைத்து, ஒரு கப் அரிசி, கத்தரிக்காய், வாழைக்காய், அவரைக்காய், முருங்கைக்காய் சேர்க்கவும். அரிசி வெந்த பிறகே புளிக்கரைசலை ஊற்றுங்கள். முன்னால் ஊற்றினால் பருப்பும் காயும் வேக மறுக்கும். தேங்காய், சீரகம், சின்ன வெங்காயத்துடன் ஒரே ஒரு மிளகாய் வற்றல் வைத்து அரைத்து, கீரையோடு சேர்த்துக் கொதிக்கவிடவும். கடைசியில் நல்லெண்ணெயில் வடகம் தாளித்துக் கொட்டினால் தெருவே மணக்கும். பிள்ளைக்கு முருங்கைக்காயின் சதையை மட்டும் வழித்துக் கொடுங்கள்; நார் தொண்டையில் சிக்கும்.

காயை அரைத்து ஒளித்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கத்தரிக்காயைக் கண்ணால் பார்த்தே பழகாத பிள்ளை அதை என்றைக்குச் சாப்பிடப் போகிறது?

4. பரிமாறுங்கள்

ஒரு சின்னக் கரண்டி போதும். பக்கத்தில் அவளுக்குப் பிடித்த அப்பளம், ஒரு கொய்யாத் துண்டு. கொய்யாவின் வைட்டமின் சி, கீரையின் இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவும். செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு நீங்களும் உடன் உட்கார்ந்து சாப்பிடுங்கள். என்ன உணவு, எப்போது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், முகத்தைச் சுளிக்காமல்.

இங்கேதான் எங்கள் ஆச்சியோடு எனக்குத் தகராறு. “ரெண்டு வாய் வாங்கிக்கோ, அல்வா தாரேன்” என்பார். லஞ்சம் கொடுத்தால் அல்வா பரிசாகிவிடும், காய் தண்டனையாகிவிடும். அல்வாவைத் தனியாக, வேறொரு நாளில் கொடுக்கலாமே!

5. திரும்பவும் வையுங்கள்

புதிய உணவை ஏற்கப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். எங்கள் வீட்டில் கத்தரிக்காய் ஏழு முறை தட்டிலிருந்து தரைக்குப் போனது. எட்டாவது முறை அதை எடுத்து ஆச்சிக்கு ஊட்டிவிட்டு, விரலை மட்டும் நக்கிப் பார்த்தாள்.